வெண்ணிலாவின் கம்பிச் செருப்பு

1

போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. களமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், அண்ணன் வீட்டு வாசலில், அண்ணன் மகள் வெண்ணிலா ஒரு கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். இரண்டு வயதுக் குழந்தை. பச்சைப் பாவாடை, கொலுசு, கன்னத்தில் மைப்பொட்டு. கேமராவுக்குப் பின்னால் என் அண்ணன் சேகரின் குரல், “புடி, புடி, உடாத!” என்று சிரிக்கிறது. கொஞ்ச நேரத்துக்குள் குழுவில் இருந்த அத்தனை பேரும் சிவப்பு இதயம் அனுப்பிவிட்டார்கள்.

நான் அனுப்பவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வலது குதிகால் தரையில் படவே இல்லை. முன்பாதம் உள்பக்கம் திரும்பி, வெளி ஓரத்தில் ஊன்றி ஊன்றி ஓடுகிறாள். மற்றவர்களுக்கு அது குழந்தை ஓட்டம். எனக்கு அது திரும்பக் கோணிக்கொள்கிற கால்.

என் பெயர் சுமதி. ஜெர்மனியின் வடக்கே, மழை விடாத ஒரு நகரத்தில், குழந்தைகள் ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிறக்கிற குழந்தைகளுக்கு மாவுக்கட்டுப் போடுகிற அறைதான் என் இடம். நம் ஊரில் கோணக்கால் என்று சொல்வோம். வெண்ணிலாவும் இரண்டு காலும் அப்படியே பிறந்தவள். அவள் காலைச் சரி செய்தாகிவிட்டது. சரி செய்த காலை என் அண்ணன் வீட்டில் மறுபடியும் கோணலாக்கி, அதை வீடியோவும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்பாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

2

இந்த வைத்தியத்தில் மர்மம் ஒன்றும் கிடையாது. பிறந்த சில வாரங்களில் தொடங்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, திருப்பிய நிலையிலேயே மாவுக்கட்டு. அடுத்த வாரம் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. கடைசியில் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு. பாதம் நேராகிவிடும். முன்பெல்லாம் பாதத்தையே பிளந்து பிரித்துத் தைப்பார்கள். அப்படித் தைத்த பாதங்கள் வயது ஏற ஏற விறைத்துப்போய் வலிக்கின்றன என்று ஆராய்ந்து தெரிந்துகொண்ட பிறகு கத்தியை ஓரம் வைத்துவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வெண்ணிலாவுக்கு நடந்ததும் இங்கே நான் தினமும் பார்ப்பதும் ஒரே வைத்தியம்தான். ஒவ்வொரு கட்டையும் போட்டோ எடுத்து அண்ணி தமிழரசி எனக்கு அனுப்புவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. குறை சொல்வதில் நான் லேசுப்பட்டவள் அல்ல என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டுப் பிரித்த பிறகுதான் வினையே. இரண்டு குட்டி பூட்ஸ், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு கம்பி. முதல் சில மாதம் நாள் பூராவும் போட வேண்டும். அப்புறம் நான்கு வயது வரை தூங்கும்போதெல்லாம் போட வேண்டும். போடாவிட்டால் பாதம் பிறந்த வழிக்கே திரும்பிவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை, இந்தத் துறையில் வருகிற எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

எங்கள் வீட்டில் அந்தச் செருப்புக்கு நடந்த மரியாதையைக் கேளுங்கள். கம்பியோடு குழந்தை தூளியில் அடங்கவில்லை. வாசலோடு கழற்றிவிட வேண்டிய செருப்பு வீட்டுக்குள்ளே, அதுவும் படுக்கையில். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு. “காலுதான் நேராயிடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு புள்ளைக்கு வெலங்கு?” பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி, சுளுக்கு நீவி உரம் எடுப்பது எப்படி, மூக்கைப் பிடித்துவிடுவது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு நம் ஊரில். அந்த ஆயிரம் பேருக்கும் என் அண்ணி பதில் சொல்லவில்லை. தூளியை அவிழ்த்து வைத்துவிட்டு, குழந்தையைப் பாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்தாள்.

இப்போது உலகத்தில் நடக்கிற ஆராய்ச்சியில் பாதிக்கு மேல் இந்தச் செருப்பைப் பற்றித்தான். எத்தனை வயது வரை போட வேண்டும், எந்த மாதிரி பூட்ஸ் போட்டால் புண் வராது, இப்படி. சில இடங்களில் பூட்ஸுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்துவிடுகிறார்கள். பெற்றோர் சொல்கிற நேரம் ஒன்று, கருவி சொல்கிற நேரம் இன்னொன்று. எங்கள் பிரிவிலும் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. “தினமும் ராத்திரி போடுகிறோம்” என்று ஒரு அப்பா நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். கம்ப்யூட்டரில் பார்த்தால் பாதி ராத்திரி வெறுங்கால். கேட்டால் முகம் சிவந்து, “அழுதாள், மனசு கேட்கவில்லை” என்பார். பெற்றவர்கள் பொய் சொல்வார்கள் என்று கண்டுபிடிக்க இத்தனை பட்டம் படித்தவர்கள் ஒன்றுகூட வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

3

துணியை அப்படியே போட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“ண்ணா, பாப்பாவுக்கு ராத்திரில செருப்பு போடுறீங்களா?”

“இன்னா, எடுத்ததும் வெரட்ற? நல்லாகீறீங்களான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?”

“போடுறீங்களா, இல்லியா?”

“காப்பு கட்டச்சொல்ல கழட்னது. அப்பறம் போட்டா அழுவுது. காலு நல்லாத்தான் இருக்குது, வீடியோ பாக்கல நீ?”

காப்புக் கட்டியது சித்திரையில். இப்போது ஆவணி. நாலு மாதமாக வெறுங்கால்.

விஷயம் இதுதான். வெண்ணிலாவுக்கு முதல் கட்டுப் போட்ட அன்றைக்கே, கால் நேரானால் தீ மிதிக்கிறேன் என்று திரௌபதி அம்மனுக்கு அண்ணன் வேண்டிக்கொண்டிருக்கிறான். கால் நேராயிற்று. இந்த வருஷம் அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா வைத்தபோது மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டினவன் செருப்புப் போடக் கூடாது, அவன் வீட்டுக்குள்ளும் செருப்பு நுழையக் கூடாது. ஆகவே குழந்தையின் பூட்ஸும் கம்பியும் பையில் போட்டு மாட்டுக்கொட்டகையில் மாட்டப்பட்டது. நேரான காலுக்கு நன்றி சொல்லப் போய், அந்தக் காலை நேராக வைத்திருந்த ஒரே சாமானைத் தூக்கி வெளியே வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு தப்பைச் செய்ய எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் முடியும்.

“அம்மன் குடுத்த காலு. அம்மன் பாத்துக்குவா, நீ கம்முனு இரு” என்றான்.

“அம்மன் குடுத்தா, நீ புடுங்கிட்ட.”

“இன்னா பேச்சு பேசற நீ? அங்க போயி குந்திக்கினு போன்லியே நாட்டாம பண்ணிக்கினு இருக்க. ராத்திரி பூரா கத்துது. நீயா வந்து தூக்கிக்கினு நடக்கற? பெத்தவன் நானு. எனக்கு வலிக்காதா?”

“இப்பவே போனீங்கன்னா மறுபடி மாவுக்கட்டுலயே சரியாயிடும். தள்ளிப்போட்டா ஆபரேஷன்தான். காதுல விழுதாண்ணா?”

“நான் தீ மெதிச்சவன். எனக்கு நீ சொல்லாத.” வைத்துவிட்டான்.

என் அண்ணன் கெட்டவன் கிடையாது. கரும்பு லோடு டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து, புழுதி படிந்த சட்டையோடு அந்தக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுகிறவன். அவள் முகம் கோணினால் இவனுக்குச் சோறு இறங்காது. இந்தப் பாசத்தைக் கண்டால்தான் எனக்கு ஆகவில்லை. குழந்தை ஒரு ராத்திரி அழுவதைத் தாங்க முடியாமல், ஆயுசுக்கும் அவளை நொண்டவைக்கிற பாசம் இது. இதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. “பாசக்கார அப்பன்” என்று கொண்டாடுகிறார்கள்.

நான் போட்ட சத்தத்தில் என் மகன் இனியன் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். பத்து வயது, இங்கேயே பிறந்தவன். “உன் ஆளுங்க ஏன் எப்பவும் கத்துறாங்க?” என்றான். உன் ஆளுங்க. கத்தியது நான் ஒருத்திதான். வீடியோவைக் காட்டி, இது வெண்ணிலா, உன் மாமா பெண் என்றேன். பார்த்தான். “க்யூட்” என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

4

மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் பிரிவில் வாரக் கூட்டம் உண்டு. அன்றைக்குப் பேச்சு, செருப்பைச் சரியாகப் போடாததால் திரும்பக் கோணிக்கொள்கிற பாதங்களைப் பற்றி. திரையில் ஒரு படம். முகமே இல்லை, முழங்காலுக்குக் கீழே இரண்டு கறுத்த கால்கள், அடியில் மண்தரை. எந்த நாடு என்றுகூடப் போடவில்லை. “இப்படிப்பட்ட இடங்களில் கலாச்சார நம்பிக்கைகள் பெரிய தடை” என்று ஒரு இளம் டாக்டர் வாசித்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

எனக்கு உச்சியில் ஏறியது. என் சொந்த அண்ணன் அதையே செய்திருப்பது முந்தின நாள்தான் தெரிந்தது, அந்த டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனாலேயே கோபம் இரண்டு மடங்காயிற்று. போன மாதம் இதே ஆஸ்பத்திரியில் ஒரு அப்பா, பிறந்தநாள் போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்று கழற்றிய பூட்ஸை விடுமுறை முடியும் வரை போடவே இல்லை. அவர் கோப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? “பெற்றோர் களைத்திருக்கிறார்கள், ஆதரவு தேவை.” வெள்ளைக்கார அப்பன் கழற்றினால் களைப்பு. என் அண்ணன் கழற்றினால் கலாச்சாரம்.

இதை எழுந்து நின்று சொன்னேன். சொன்ன வேகத்தில், மரியாதையோடு பேச வேண்டிய தலைமை டாக்டரை, ஜெர்மன் மொழியில் நீ, வா, போ என்று பேசிவிட்டேன். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் கோபம் வந்தால் அந்த மொழியில் என் வாய்க்கு மரியாதை வருவதில்லை. தலைமை டாக்டர் அம்மாள் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

கூட்டம் முடிந்து மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் சொன்ன விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் குரலின் தொனியைப் பற்றித்தான் பேசினார். தொனிக்கு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறதாம், போகலாமாம்.

5

ஊருக்கே போய் நின்றால் என்ன என்று தோன்றாமல் இல்லை. போய் நின்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நானே கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறியிருப்பேன்.

என்னுடைய குடியிருப்பு அட்டை காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கக் கொடுத்து மாதக்கணக்காகிறது. அதுவரைக்கும் மடித்து வைக்கிற ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். வெளியே போனால் திரும்ப வரலாமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், அது தாளைப் பொறுத்தது என்றாள். இதோ தாள் என்றேன். அதை எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும் என்றாள். எழுதினேன். உங்கள் கேள்வி பரிசீலனையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பதில் அனுப்பியது. ஒரு ஆளைப் பூட்டி வைக்கச் சங்கிலி எல்லாம் தேவையில்லை, நல்ல ஜெர்மனில் நாலு வரி போதும்.

இந்த ஊருக்கு வருவதற்கு முன்பு நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். அங்கே காலில் புண்ணோடு ஒருவர் கட்டுப் போட வருவார். பெயர் கோவிந்தன். கடுக்காய் பொறுக்கி மூட்டை கட்டிக் கீழே இறக்குகிறவர். அவருக்கும் இதே கால்தான். வைத்தியமே பார்க்காமல் வளர்ந்த கால். உள்ளங்கால் பின்னால் பார்க்கும். நாம் எல்லாம் கால் கீழே வைக்கிற இடத்தில் அவருக்குப் புறங்கால் இருக்கும். அந்தத் தோல் காய்த்துக் கட்டையாகி, மழை நாளில் வெடித்துச் சீழ் வைக்கும். மலைப்பாதையில் அந்தக் காலோடு மூட்டையும் தூக்குவார்.

ஒரு நாள் நான் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார். “பொறந்தப்பவே காட்டியிருந்தா இது சரியாயிருக்குமா?”

“ஆயிருக்குங்க. மாவுக்கட்டு போட்டே சரி பண்ணியிருக்கலாம்.”

அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துளி நட்பு இல்லை. “அத்த எங்கிட்ட சொல்லாத இருந்திருக்கலாம் நீ” என்றார். அதற்கப்புறம் கட்டுப் போட அவர் வரவில்லை.

வெண்ணிலாவின் கால் அவ்வளவு தூரம் போகாது என்று எனக்குத் தெரியும். நர்ஸுக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் முழுக்க வீடியோவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கோவிந்தனின் முகம்தான் தெரிந்தது. இவள் வளர்ந்து, கள்ளக்குறிச்சியில் நாலு மாடியில் ஆஸ்பத்திரி இருந்தும், அத்தை ஒருத்தி இதே வேலை பார்த்தும் என் கால் ஏன் இப்படி என்று கேட்டால், உன் அப்பனுக்கு உன்மேல் பாசம் அதிகம் என்று சொல்வதா?

அண்ணனுக்குத் தினமும் போன் செய்தேன். எடுக்கவில்லை. குரல் செய்தியாக வாய்க்கு வந்ததெல்லாம் அனுப்பினேன். கேட்டதற்கு அடையாளமாக நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை. குழுவில் நேரடியாகவே எழுதினேன், இந்தக் குழந்தையின் கால் கோணிக்கொண்டிருக்கிறது, உங்களுக்குக் கண் இல்லையா என்று. ஒரு சித்தப்பா கும்பிடு படம் அனுப்பினார். இன்னொருவர் காலை வணக்கம் அனுப்பினார்.

6

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணியின் நம்பரிலிருந்து கூப்பிட்டது. எடுத்தால் ஒரே இரைச்சல், குழந்தைகள் அழுகிற சத்தம்.

“சுமதி, நான்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில இருக்கறேன். பாப்பாவ தூக்கினு வந்துட்டேன்.”

“அண்ணன் கூட இருக்காராண்ணி?”

“அவுரு லோடு ஏத்திக்கினு போயிருக்காரு. சொல்லல. உளுந்தூர்பேட்ட வந்து பஸ்சு மாறி வந்தேன். சாயந்தரம் வந்து மாவுக்கட்ட பாத்துக்கட்டும்.”

“நல்ல வேல பண்ணீங்கண்ணி. நான் கத்துனதுக்கு...”

“நீ கத்துனதுக்காவ ஒண்ணும் வரல.” அண்ணி இப்படி வெடுக்கென்று பேசி நான் கேட்டதே இல்லை. “நீ அங்கேர்ந்து கத்துவ. உங்கண்ணன் இங்க அயுவாரு. ரெண்டு பேருக்கும் வேற இன்னா தெரியும்?”

“சாமிக்காக கழட்டுனாருன்னு...”

“சாமியாவது, பூதமாவது. காப்பு கட்றதுக்கு மின்னாடியே கழட்டிக்கினுதான் இருந்தாரு. நான் நடவுக்குப் போயிட்டு வந்து ராத்திரி போட்டுவுடுவேன். ஒடம்பு அசதில நான் கண்ணசந்தா போதும், எய்ந்து கழட்டிடுவாரு. காலைல பாத்தா ரெண்டும் மூலையில கெடக்கும். கேட்டா புள்ள அய்தாங்குவாரு. சாமி பேரு சொன்னது ஒரு சாக்கு. அதுக்கப்பறம் நான் வாயத் தொறக்க முடியுமா அந்த ஊட்ல?”

வெள்ளைக்கார அப்பன் கழற்றினால் களைப்பு, என் அண்ணன் கழற்றினால் கலாச்சாரம் என்று கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொன்னது அப்படியே எனக்கு ஞாபகம் வந்தது. பிறந்தநாள் போட்டோ அப்பாவும் தீ மிதித்த என் அண்ணனும் ஒரே ஆள்தான். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது இவ்வளவு சரியாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

“ஏண்ணி, எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா இன்னா பண்ணுவ? போன் பண்ணுவ.”

போட்டிருந்த கோட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“டாக்டரு பாத்துட்டாரு” என்றாள் அண்ணி, கொஞ்சம் தணிந்த குரலில். “கட்டுலியே சரியாயிடும்ங்கறாரு. வாராவாரம் வரணுமாம். கூலி வேலைய உட்டுட்டு நான் வர்றேன். ராத்திரிக்கு இனிமே அவுரு கோயில்லியே படுத்துக்கட்டும். புள்ளையும் நானும் கதவத் தாப்பா போட்டுக்கினு படுத்துக்குவோம். தெரு எய்ந்து வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்.”

உள்ளேயிருந்து யாரோ வெண்ணிலா பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். போன் எதன்மேலோ உரசியது. குழந்தை வீறிட்டு அலற ஆரம்பித்தாள். இந்த அழுகை எனக்குப் பழக்கம். தினமும் நான் இதற்கு நடுவில்தான் நிற்கிறேன், தினமும் யாரோ ஒரு ஜெர்மன் குழந்தையின் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், பாடுகிறேன். இந்தக் காலைப் பிடிக்க என் கைக்கே தெரியும். இங்கிருந்தபடியே சொல்ல ஆரம்பித்தேன்.

“அண்ணி, முட்டிய மடக்கி வெச்சிக்கச் சொல்லுங்க. கட்டு தொட வரைக்கும் வரணும், முட்டியோட நிறுத்தக் கூடாது. காஞ்சப்பறம் வெரல் நுனிய அமுக்கிப் பாருங்க, வெளுத்துட்டு திரும்ப செவக்குதான்னு. அவ வாயில கொஞ்சம்...”

“சுமதி.”

“சொல்லுங்கண்ணி.”

“போன வையி. புள்ளய புடிக்கணும், ரெண்டு கையும் வேணும்.”

வைத்துவிட்டாள்.